சுங்கை சிப்புட்டில் உடம்பான பிள்ளைகளுக்கும் ஒரு வகுப்பு

மாதக் கட்டணம் 60 வெள்ளி (ரிங்கிட்). சனிக்கிழமை காலை ஏழரைக்கு ஆரம்பம் என்பார்கள், எட்டாகிவிடும். இடம் லிந்தாங் சாலைப் பக்கம் இருக்கிற பழைய தோட்டத் திடல். பெரிய பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அமெரிக்கக் கால்பந்து, அதிலும் தற்காப்பு வரிசையில், அதாவது பந்து வைத்திருக்கும் அணியை முன்னால் நின்று மறிக்கிற வரிசையில், நிற்பவர்களின் வேலை மட்டும். "இந்த ஊரில் இதுக்கெல்லாம் யாரு போவா?" என்று கேட்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். என் மகன் போகிறான், காசு கட்டுவது நான்.

மகன் பள்ளியில் படிவம் நான்கு, 96 கிலோ. நான் செம்பனை ஆலையில் லாரி எடை போடுகிறவள், எடை பற்றிப் பேச எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் பள்ளித் திடலில் உடம்பான பையன் என்றால் கோல் கம்பத்துக்கு நடுவில் நிறுத்துவார்கள், இல்லாவிட்டால் தண்ணீர்ப் போத்தல் தூக்கச் சொல்வார்கள். இங்கே சேர்க்கப் போன அன்றே பயிற்சி கொடுக்கிற தம்பி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அக்கா, இவன் நட்டநடுவுல நிக்க வேண்டிய ஆளு" என்றார். கிண்டல் இல்லை. உடனே கூட்டிப் போய் நிறுத்தியும் விட்டார்.

தம்பி நம்ம ஊர்ப் பிள்ளைதான். ஒஹாயோவில் பட்டம் படிக்கப் போனவர், அங்கே பல்கலைக்கழக அணிக்கு மாணவ உதவியாளராகக் கூடமாட வேலை செய்திருக்கிறார். பெயர் போடவில்லை, திடலுக்குப் போனால் குரலை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

பாடம் என்னவென்று நின்று பார்த்தேன். தாக்கும் அணிக்குப் பந்து எப்போது அசையும் என்று முன்கூட்டியே தெரியும், அவர்களுக்குள் ஓர் எண்ணிக்கை வைத்திருப்பார்கள். தற்காப்பு வரிசைக்காரனுக்கு அது தெரியாது. அவன் ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்திருக்கும்போது, எதிராளி சும்மா "ஹட்! ஹட்!" என்று கத்தி ஏமாற்றுவான். சத்தத்துக்கு அசைந்து பந்து இருக்கும் கோட்டைத் தாண்டினால், தண்டனையாக எதிரணிக்கு 5 யார்டு தூரம் கொடுத்துவிடுவார்கள். ஆகவே காதை விட்டுவிட்டுக் கண்ணால் பந்தை மட்டும் பார்க்கப் பழக வேண்டும். தம்பி ஒரு காய்ந்த செம்பனை மட்டையைச் சீவி, அதன் நுனியில் பந்தைக் கறுப்பு டேப்பால் சுற்றி வைத்திருக்கிறார். தானும் குனிந்து, மட்டையைத் தரையோடு பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்துவார். பந்து அசையாது. இரண்டு பையன்கள் பாய்ந்துவிடுவார்கள், அவர்களுக்குத் தண்டால். அடுத்து ஒரு சத்தமும் இல்லாமல் மட்டையை ஒரு இழுப்பு. என் மகன் இப்போது அந்த இழுப்புக்குக் கிளம்புகிறான். வீட்டில் நான் கூப்பிட்டால் மட்டும் இன்னும் எழுந்திருப்பதில்லை.

சாமான்கள் எல்லாம் கைவேலைதான், ஆனால் யோசித்துச் செய்தவை. நாற்றுப் பண்ணையில் தண்ணீர் விடுகிற கறுப்பு பாலி குழாயை வளைத்துத் தரையில் பெரிய வட்டம் போட்டிருக்கிறார். ஓரத்தில் நிற்கிற பையன்கள் உள் தோளைத் தாழ்த்திச் சாய்ந்தபடி அதைச் சுற்றி ஓட வேண்டும். குவார்ட்டர்பேக்கை, அதாவது எதிரணியில் பந்தை எறிகிற ஆளை, பக்கவாட்டில் போய்ப் பிடிக்க அந்த வளைவு தேவையாம். தள்ளுவதற்கு மரத்தூள் அடைத்த சாக்கு. உள்ளங்கையின் அடிப்பகுதி எதிராளியின் நெஞ்சில் படவேண்டும், கட்டை விரல் மேலே பார்க்க வேண்டும், முழங்கை விரியக்கூடாது. ஒவ்வொரு பையனுடைய கையையும் பிடித்து வைத்துக் காட்டுகிறார். தலைக்கவசம் வாங்கித் தராததால் ஆளோடு ஆள் மோத விடுவதே இல்லை, சாக்கோடு சரி. மோதினால்தான் வீரம் என்று இரண்டு அப்பாக்கள் முணுமுணுத்தார்கள். தம்பி கேட்கவில்லை. எனக்கு அது பிடித்தது.

இனி எல்லாருடைய கேள்வி: இதைக் கற்று என்ன வேலைக்குப் போவது? தேத்தண்ணிக் கடையில் ஓர் அண்ணன், "அமெரிக்காவுல இந்தக் கோச்சுங்களுக்கு நல்ல காசாமே" என்று ஆரம்பித்தார். தம்பி மோட்டாரில் உட்கார்ந்தபடியே ஏணியை ஒவ்வொரு படியாகச் சொன்னார். முதலில் பட்டதாரி உதவியாளர். மேற்படிப்புக் கட்டணத்தை விட்டுக்கொடுத்து, கையில் கொஞ்சம் படிக்காசு தருவார்கள், ராத்திரி பகலாக எதிரணியின் வீடியோவை வெட்டி ஒட்ட வேண்டும். அடுத்து ஆட்டங்களை அலசும் ஆய்வாளர் மாதிரி ஒரு பதவி. 2024 வரை அந்தப் பதவியில் இருப்பவர் திடலில் நேரடியாகப் பாடம் சொல்லவே விதி இடம் கொடுக்கவில்லை. அப்புறம் ஏதாவது சின்னக் கல்லூரியில் வரிசைப் பயிற்றுநர், பிறகு பெரிய கல்லூரி, முடிந்தால் தற்காப்பு முழுவதற்கும் பொறுப்பாளர், அதற்கும் மேலே தலைமைப் பயிற்றுநர். பாதி வேலை திடலிலேயே இல்லை, பள்ளிப் பிள்ளைகளின் வீடு தேடிப்போய் அம்மாக்களிடம் பேசி ஆள் சேர்ப்பதில்தான் போகும். தலைமையை நீக்கினால், காண்டிராக்டர் மாறும்போது அவன் கூட்டிவந்த ஆளெல்லாம் மூட்டை கட்டுகிற மாதிரி, உதவியாளர்களும் பெரும்பாலும் கிளம்ப வேண்டியதுதான்.

தம்பி பேர் சொன்ன இரண்டு பயிற்றுநர்களைப் பற்றி வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். எட் ஒர்ஜரான், லூயிசியானாக்காரர். 1984இல் பட்டதாரி உதவியாளராகத் தொடங்கியவர், மயாமி, சிரக்யூஸ், யுஎஸ்சி என்று பல்கலைக்கழக அணிகளில் வரிசைப் பயிற்றுநராகவே ஊர் ஊராகப் போயிருக்கிறார். 2005இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பதவி. மூன்று பருவத்தில் 10 வெற்றி, 25 தோல்வி, வெளியே அனுப்பிவிட்டார்கள். மனிதர் மறுபடியும் வரிசைப் பயிற்றுநர் வேலைக்கே இறங்கினார். 2015இல் எல்எஸ்யு என்கிற லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகம், அடுத்த ஆண்டு அங்கே தலைமை காலியாக, தற்காலிகமாக உட்கார்ந்தவர் நிலைத்துவிட்டார். 2019 பருவத்தில் 15 ஆட்டம், 15 வெற்றி. 2020 ஜனவரியில் கிளெம்சன் அணியை 42-25 என்று அடித்துக் கல்லூரிகளுக்கான தேசியக் கிண்ணம். 2021 முடிவில் அந்தப் பதவியும் போய்விட்டது!

மற்றவர் லாரி ஜான்சன். மேரிலாந்து, வர்ஜீனியா பக்கத்து உயர்நிலைப் பள்ளிகளில் பல வருடம் இருந்துவிட்டு 1996இல்தான் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் போனார், 2014இல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம். மேலே ஏறவேண்டும் என்று துடிக்காமல் வரிசை வேலையிலேயே பேர் வாங்கினார். அவரிடம் பழகிய ஜோயி போசா 2016இல் என்எஃப்எல் என்கிற தொழில்முறை லீக் அணிகள் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கியபோது மூன்றாவதாக எடுக்கப்பட்ட ஆள், ஜோயியின் தம்பி நிக் போசா 2019இல் இரண்டாவது, சேஸ் யங் 2020இல் இரண்டாவது. நம் பயிற்றுநருக்கு இவர் என்றால் உயிர். ஒர்ஜரான் கதை சுவாரசியம்தான், ஆனால் என் பிள்ளைக்கு நான் ஜான்சன் மாதிரி ஆளைத்தான் தேடுவேன்.

அன்று தம்பி சொன்ன ஏணியைக் கேட்டதும் கடையில் இருந்த அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அன்றைக்குத்தான் இந்த வகுப்பின் மேல் நம்பிக்கை வந்தது. அமெரிக்கா அனுப்புகிறேன், உபகாரச் சம்பளம் வாங்கித் தருகிறேன் என்று வலை வீசும் வகுப்புகள் எத்தனையோ. தம்பி சுற்றி வளைக்கவில்லை: இங்கே கற்பது பள்ளி ரக்பிக்கு உதவும், அதைத் தாண்டிப் பெரிய கணக்குப் போடாதீர்கள் என்றார். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கொடிக் கால்பந்து (ஆளை இடித்துச் சாய்க்காமல் இடுப்புக் கொடியைப் பிடுங்குகிற அமெரிக்கக் கால்பந்து) வருகிறதே என்று கேட்டேன். அது ஐந்து பேர் ஆட்டம், இடித்துத் தள்ளுவதே கிடையாது, கன்றுக்குட்டி மாதிரிப் பாய்கிற மெலிந்த பிள்ளைகளுக்குத்தான் சரி என்று சிரித்தார். சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்பதரைக்கு மேல் அதையும் சொல்லித் தருகிறார், பெண் பிள்ளைகளும் வருகிறார்கள்.

குறைகள் உண்டு. கேட்டால்தான் ரசீது. மழை பெய்து வகுப்பு நின்றால் ஈடு செய்வதில் ஒழுங்கில்லை. வாட்ஸ்அப் குழுவில் நடு ராத்திரி ஆட்ட வீடியோ அனுப்புகிறார், அங்கே பகல் என்பது அவர் நியாயம், எனக்கு ஐந்து மணிக்கு ஷிப்ட். இருக்கிறதில் பெரிய குறை கழிவறை: திடலில் கிடையாது, கோவில் பக்கம் போக வேண்டும், அதுவும் பூசை நேரத்தில் கூட்டம். பெண் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் இதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டாவதுக்கு 40 வெள்ளி. காலணி அடியில் குமிழ் வைத்ததாக இருக்கட்டும், பனி ஈரத்தில் சாதாரணக் காலணி வழுக்குகிறது. தண்ணீர் இரண்டு போத்தல்.