பழைய லாரிக்கு கியர் பாக்ஸ் மாற்றப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பெங்களூரில் பழைய லாரி வைத்திருப்பவர்கள், அதிலும் சேலம், நாமக்கல் பக்கம் லோடு ஓட்டுகிற நம்ம ஆட்கள், கியர் பாக்ஸ் மாற்றும் யோசனையில் இருந்தால் இதை முழுசாகப் படியுங்கள். எங்களிடம் 48,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, வேறு மாடல் பெட்டியை எங்கள் வண்டியில் இழுத்துப் பிடித்து மாட்டிவிட்டு, எங்கள் பழைய பெட்டியையும் எடுத்து விற்றுவிட்டார்கள். புகார் போயிருப்பதால் கடை, பட்டறை பெயரைப் போடவில்லை. ஆனால் என்ன செய்தார்கள் என்பதை ஒன்று விடாமல் சொல்கிறேன், இதே வேலையை அடுத்தவரிடமும் செய்வார்கள்.

வண்டி டாடா 1613. அண்ணன் ஓட்டுகிறார், கணக்கு நான் பார்க்கிறேன். டெல்லி மாதிரி பத்து வருட டீசல் வண்டித் தடை இங்கே கிடையாது, எஃப்.சி. கிடைக்கிறவரை ஓட்டலாம், அதனால் இன்ஜின் நன்றாக இருக்கிற வண்டியை இங்கே யாரும் கைவிடுவதில்லை. எங்கள் 697 இன்ஜினும் அப்படித்தான், குறை எல்லாம் கியர் பாக்ஸில். மூன்றாவது கியர் கரகரவென்று விழும், நான்காவது சூடேறினால் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். ஜி.பி.எஸ். 40 (GBS 40) என்ற மாடல் பெட்டி, ஐந்து கியர். அதைப் பிரித்து சின்க்ரோ (கியர் உரசாமல் சேர உதவும் வளையம்), பேரிங், தேய்ந்த கியர் மட்டும் மாற்றலாம் என்றுதான் முதலில் பேச்சு. பட்டறைக்காரர்தான் "அண்ணே, பிரிச்சா செலவு எங்கே போய் நிக்கும்னு சொல்ல முடியாது, அதே மாடல்ல நல்ல பெட்டி ஒண்ணு இருக்கு, அடிபட்ட வண்டியில இருந்து எடுத்தது, கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம்" என்று குஜிரிக் கடைக்கு, அதாவது பழைய வண்டிப் பாகம் விற்கிற கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரரும் அவரும் ஒரே கை என்பது பிறகுதான் வெளியே வந்தது.

கடையில் பெட்டி புது பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. மாடல் எண் போட்ட தகடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ரிவெட் ஓட்டை மட்டும். அண்ணன் கேட்டதற்கு, கழுவும்போது விழுந்திருக்கும் என்றார்கள். மேல் மூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னோம், சீல் உடைந்தால் கேரண்டி போய்விடும் என்றார்கள். இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், பழைய பெட்டிக்கு என்ன சீல், என்ன கேரண்டி? ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும்தான் இருக்கும், கியர் பாக்ஸ் நம்பர் இருக்காது. எந்த வண்டிப் பெட்டி எந்த வண்டிக்குப் போனது என்று தேடிப் பிடிக்க வழியில்லை. இந்த வியாபாரத்தில் இருக்கிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

மாட்டிய அன்று சத்தமே இல்லை. காலியாக ஓட்டிப் பார்த்ததில் வெண்ணெய் மாதிரி விழுந்தது. பழைய பெட்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று அண்ணன் சொன்னபோது, அது எக்ஸ்சேஞ்ச் கணக்கில் போய்விட்டது என்றார்கள். விலை பேசும்போது எக்ஸ்சேஞ்ச் என்ற பேச்சே வரவில்லை. எங்கள் பெட்டியின் வெளிக்கூடும் உள்ளே இருந்த கவுண்டர் ஷாஃப்ட்டும் நல்ல நிலையில் இருந்தவை, அவற்றுக்கே விலை உண்டு.

அப்புறம் கம்பி லோடு ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் புறப்பட்டார் அண்ணன். ஓசூர் தாண்டுவதற்குள்ளேயே பெட்டி ஊளையிட ஆரம்பித்துவிட்டது. டாப் கியரில் சின்ன மேட்டில்கூட இழுக்கவில்லை, நான்கிலேயே ஓட்ட வேண்டியிருந்தது. ஸ்பீடோமீட்டர் எகிறிக் காட்டியதால், 80க்கு வைத்த ஸ்பீடு கவர்னர் அதற்கு ரொம்ப முன்னாலேயே வண்டியைப் பிடித்தது. தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் இறக்கத்தில், மூன்றாவது கியரில் எக்ஸாஸ்ட் பிரேக் (புகை போகும் வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைப் பிடிப்பது) போட்டு இறங்கிக்கொண்டிருக்கும்போது, கியர் ராடு தானாகப் பின்னால் வந்து நியூட்ரல் ஆகிவிட்டது. அந்த இறக்கமும் இரட்டைப் பாலமும் லாரிக்காரர்களுக்குத் தெரியும், எத்தனை வண்டிகள் அங்கே பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற வண்டிகளின் மேல் ஏறியிருக்கின்றன என்றும் தெரியும். கியர் கழன்றால் இன்ஜின் பிடியும் இல்லை, எக்ஸாஸ்ட் பிரேக்கும் இல்லை, முழு லோடும் கால் பிரேக் மேல்தான். வேகம் கூடிவிட்டால் திரும்பக் கியரும் விழாது. அண்ணன் வேகத்தைக் கூடவிடாமல் வந்துகொண்டிருந்ததால் ஏர் பிரேக்கில் ஓரம் கட்ட முடிந்தது. காசு போனது போகட்டும், லோடு வண்டியில் மலை இறங்குகிறவன் உயிரோடு இந்த விளையாட்டு விளையாடினார்களே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

நாமக்கல்லில் தெரிந்த பட்டறையில் பெட்டியை இறக்கினோம். ஆயிலை வடித்தால் தார் மாதிரி 140 ஆயில், உள்ளே மரத்தூள். தேய்ந்த பெட்டியின் சத்தத்தை அடக்க இது பழைய தந்திரம், சூடேறி ஆயில் இளகியதும் சாயம் வெளுத்துவிடும். பெட்டியை இன்ஜினோடு சேர்க்கிற பெல் ஹவுசிங்கின் ஓட்டைகள் சரியாக உட்காராததால் அரத்தால் நீளமாக ராவியிருந்தார்கள், பெட்டியை நேராக உட்கார வைக்கிற டவல் பின்கள் இரண்டையும் காணோம். அவை இல்லாவிட்டால் இன்புட் ஷாஃப்ட் கிராங்கின் நேர்க்கோட்டில் நிற்காது, பைலட் பேரிங் ஒரு பக்கமாகத் தேயும், கியரும் கழலும். ஷாஃப்ட் மேல் இருக்கிற ஸ்ப்லைன் பற்கள் ஒத்துவராததால் கிளட்ச் பிளேட்டையே வேறு மாற்றியிருக்கிறார்கள், அதற்குத் தனியாக எங்களிடம் பணமும் வாங்கினார்கள்.

எல்லாவற்றையும்விட மோசம் கியர் ராடு இணைப்பு. அந்தப் பெட்டி கேபிளில் கியர் மாற்றுகிற வகை. எங்கள் வண்டியில் கெட்டி இரும்புக் கம்பி லிங்க். கேபிள் பிடிக்கும் லீவரில் பழைய கம்பியை வெல்டு வைத்து, நீளம் போதாத இடத்தில் இரும்புத் துண்டு ஒட்டி, நட்டு போல்ட்டில் ஆடவிட்டிருந்தார்கள். இப்படி லொடலொட என்று இருந்தால் கேபினில் கியர் விழுந்த மாதிரி தெரியும், உள்ளே கியரைப் பூட்டுகிற ஸ்லீவ் பாதிதான் ஏறியிருக்கும். லோடு வந்ததும் நழுவிவிடும்.

இனி நீங்கள் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். பெட்டி தரையில் இருக்கும்போதே மேல் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள், மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள், கலாசிபாளையம், ஜே.சி. ரோடு பக்கம் நேர்மையாக வியாபாரம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்லீவ் ஏறுகிற சின்னப் பற்களின் நுனி கூராக இருக்க வேண்டும், மழுங்கியிருந்தால் அது கழலும் பெட்டி. டாப் கியரில் போட்டு, இன்புட் ஷாஃப்ட்டிலும் பின் ஃப்ளாஞ்சிலும் சாக்பீஸ் கோடு போட்டு, கையால் சுற்றுங்கள். எங்கள் பெட்டியில் டாப் நேர் கியர், இன்புட் ஒரு சுற்று என்றால் பின்னாலும் ஒரு சுற்று. அவர்கள் கொடுத்ததில் பின்பக்கம் ஒரு சுற்றைத் தாண்டிப் போனது, அதாவது ஓவர்டிரைவ். எங்கள் பின் ஆக்ஸில் ஹவுசிங்கில் கிரௌனுக்கு 41 பல், பினியனுக்கு 6, ஆகவே விகிதம் 6.83. 10.00-20 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 3.2 மீட்டர் போகும் என்று வைத்தால் 2,000 ஆர்.பி.எம்.மில் நேர் கியரில் மணிக்கு 56 கிலோமீட்டர், 0.8 ஓவர்டிரைவில் 70. ஓவர்டிரைவ் கெட்டது என்று சொல்லவில்லை, காலி ஓட்டத்துக்கு டீசல் மிச்சம்தான். ஆனால் 130 குதிரை சக்தி வண்டியில் 16 டன்னை மேட்டில் இழுக்க அது உதவாது, கிரௌன் பினியனையும் சேர்த்து மாற்றினால்தான் கணக்கு சரியாக வரும். மற்ற கியர்களையும் இப்படியே சுற்றி எண்ணி, சர்வீஸ் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். டிப்பர் என்றால் தொட்டி தூக்கும் பம்பை ஓட்டுகிற பி.டி.ஓ. வாய் இருக்கிறதா, ஸ்பீடோமீட்டர் கேபிளா சென்சாரா என்பதையும் பாருங்கள்.

ஆயிலும் முக்கியம். பித்தளை சின்க்ரோ உள்ள பெட்டிக்கு ஜி.எல்.4 தரம் போதும், ஹவுசிங்குக்குப் போடும் ஜி.எல்.5 ஆயிலையே இதிலும் ஊற்றினால் சில வகைகளில் பித்தளையை அரித்துவிடும். வழியில் பெட்டி போய் வண்டியைக் கட்டி இழுக்க நேர்ந்தால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் மெயின் ஷாஃப்ட் சுற்றும், கவுண்டர் ஷாஃப்ட் சுற்றாது, ஆயில் மேலே தெறிக்காது, இருக்கிற பேரிங்கும் கருகும்.

கடைக்காரரிடம் திரும்பப் போனபோது, செகண்ட் ஹேண்டுக்குப் பொறுப்பு இல்லை என்று எங்கள் கையில் இருந்த எஸ்டிமேட் சீட்டைக் காட்டியே பேசினார். ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள், அதில் எந்த மாடல் பெட்டி என்று எழுதச் சொல்லுங்கள், உங்கள் பழைய பெட்டி உங்களுக்கே என்று அதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், முழு லோடில் ஒரு ஓட்டம் முடியும்வரை அதை யாருக்கும் கொடுக்காதீர்கள். லாரி தொழிலுக்கான பொருள், நுகர்வோர் கோர்ட் எடுக்காது என்றும் மிரட்டினார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(7) விளக்கத்தில், சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கிய பொருள் வணிக நோக்கமாகாது என்று இருக்கிறது. 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் பதிவு செய்தோம், இப்போது மாவட்ட ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். வெல்டு வைத்த கம்பி, ராவிய பெல் ஹவுசிங், மரத்தூள் ஆயில் ஒரு கேனில், எல்லாம் அப்படியே வைத்திருக்கிறோம், இறக்கும்போது எடுத்த வீடியோவும் இருக்கிறது. இதே மாதிரி கேபிள் பெட்டியைக் கம்பி லிங்க் வண்டியில் யாருக்காவது மாட்டிக் கொடுத்திருந்தால் உடனே அடியில் படுத்துப் பாருங்கள், வெல்டு தெரிந்தால் லோடு ஏற்றாதீர்கள், எனக்கும் எழுதுங்கள், மனுவில் சேர்ந்து போடலாம்.