கத்திரி வெயிலுக்கு இளநீரா, நீர்மோரா, ஓ.ஆர்.எஸ்ஸா?

மே 4-ஆம் தேதி கத்திரி பிறந்தால் எங்கள் வீட்டில் பட்டிமன்றமும் தொடங்கிவிடும். அப்பா இளநீர்க் கட்சி, அம்மா மோர்க் கட்சி. நான் பையில் ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டோடு அலைகிற ஆள்.

சென்னையில் ஆளைச் சாய்ப்பது சூட்டைவிடப் புழுக்கம்தான். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அது என்றோ ஒரு நாள். ஆனால் கடற்காற்று மதியம் வரை எட்டிப் பார்க்காத சாதாரண 37 டிகிரியிலேயே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். வியர்வை காயாததால் உடம்பு குளிராது. மேலும் வியர்த்துக் கொட்டும். தண்ணீரோடு உப்பும், குறிப்பாகச் சோடியமும் போய்விடும். அதை எது திருப்பித் தருகிறது என்பதுதான் கேள்வி.

இளநீர் இதில் கொஞ்சம் ஏமாற்றும். மாட வீதி முனையில் "தண்ணியா, வழுக்கையா சார்?" என்று கேட்டு, மூன்றே வெட்டில் சீவி நீட்டும்போது அதற்கு மிஞ்சிய பானம் உலகில் இல்லை என்றுதான் தோன்றும். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியமோ குறைவு. வியர்வையில் போவது நேர் எதிர், சோடியம்தான் அதிகம். தாகம் தீரும், கோலா மாதிரி இனிப்புக் குளிர்பானங்களைவிடச் சர்க்கரையும் குறைவு. ஆனால் நாளெல்லாம் வெயிலில் நின்றவருக்கு அது மட்டும் போதாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கவே கூடாது. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் அளவு பார்க்க வேண்டும். அந்த மாத்திரையே உடம்பில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. அப்பா அந்த மாத்திரைக்காரர். தினம் இரண்டு இளநீர் என்று டாக்டரிடம் பெருமையாகச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நீர்மோரில் உப்பு நம் கையில். ஒரு கரண்டி தயிருக்கு நாலு பங்கு தண்ணீர், தட்டிய இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், இரண்டு சிட்டிகை உப்பு. காசும் அதிகமில்லை. ஆபீசுக்கும் வீட்டுக்கும் பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் போய்வருபவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் அந்தச் சிட்டிகையையும் விட்டுவிடலாம். தெருமுனைத் தண்ணீர்ப் பந்தலில் தருவதை மட்டும் நான் தொடுவதில்லை. மோரைப் பற்றிச் சந்தேகமில்லை, அதில் மிதக்கும் ஐஸ் குடிக்க வந்ததா, மீன் பெட்டிக்கு வந்ததா என்பதுதான் சந்தேகம்.

ஓ.ஆர்.எஸ் மருந்து, பானம் அல்ல. பேதி, வாந்தி என்றால் மற்ற இரண்டும் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், அதோடு பொட்டாசியமும் சிட்ரேட்டும். குளுக்கோஸ் ருசிக்காக இல்லை. குடலுக்குள் சோடியத்தைக் கைபிடித்து அழைத்துப் போவது அதுதான். அதனால் பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டரில் ஒரேயடியாகக் கலக்க வேண்டும். நானே பல வருஷம் டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று உத்தேசமாகப் போட்டுக் குடித்தவன்தான். கலக்கியது ஒரு நாளைக்கு மேல் ஆகாது. அட்டை டப்பாவில் ஆரஞ்சு, ஆப்பிள் ருசியில் வந்த இனிப்புத் தண்ணீரை இதோடு சேர்க்காதீர்கள். இந்தச் சூத்திரத்தில் இல்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ் என்ற பெயரைப் போடக் கூடாதென உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

வெயிலில் நின்றவர் உளற ஆரம்பித்தாலோ மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றாமல் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் தண்ணீர் தெளித்து விசிறிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

இப்போது என் பாட்டிலில் அம்மாவின் மோர்தான். மூன்று மணிக்குள் குடிக்காவிட்டால் புளித்துவிடும். அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு இளநீர், அதுவும் என்னோடு பாதிப் பாதி. வழுக்கை முழுக்க அவருக்கே.