கூகுள் ஸ்காலர்: வாதத்துக்கு ஆதாரம் தேட எவ்வளவு உதவும்?

"இசைத்துறையில் பெண்கள் மிகக் குறைவு" என்று விவாதத்தில் சொன்னால், "ஆதாரம் எங்கே?" என்ற கேள்வி உடனே வரும். வரவும் வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும், 2004 முதல் இலவசமாகக் கிடைக்கும் கூகுள் ஸ்காலர் அதற்கு எவ்வளவு கைகொடுக்கும் என்பதை இதே தலைப்பை வைத்துப் பார்க்கலாம்.

பெண்கள், இசை என்ற இரண்டு சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் அடித்தால் இசைச் சிகிச்சை முதல் பாடல் வரி ஆய்வு வரை எல்லாம் வந்து குவியும். யாரைப் பற்றிய கேள்வி என்பதைக் குறுக்க வேண்டும்: பாடகியா, பாடலாசிரியரா, மியூசிக் புரொட்யூசரா (பாடலின் ஒலிப்பதிவை வழிநடத்துபவர்), ஆர்கெஸ்ட்ரா கலைஞரா? சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இடப்பக்கம் ஆண்டு வரம்பு வையுங்கள். கட்டுரையே இல்லாமல் பெயர் மட்டும் வரும் பதிவுகளைத் தவிர்க்க 'சைட்டேஷன்ஸ்' கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஸ்காலரின் உண்மையான பலம் தேடல் பெட்டியில் இல்லை. பெரும்பாலான முடிவுகளின் கீழ் இருக்கும் 'சைட்டட் பை' (இதை மேற்கோள் காட்டிய கட்டுரைகள்), 'ஆல் வெர்ஷன்ஸ்' (இதே கட்டுரையின் மற்ற வடிவங்கள்) என்ற இரண்டு இணைப்புகளில்தான் இருக்கிறது. பலரும் சொல்லும் ஒரு வாதத்தையே எடுத்துக்கொள்வோம்: ஆர்கெஸ்ட்ரா தேர்வில் நடுவர்களுக்கு ஆள் தெரியாதபடி திரைக்குப் பின்னால் வாசிக்க வைத்ததால் பெண்களின் வாய்ப்பு 50 சதவீதம் கூடியது. இந்த வாதம் பிறந்த இடம், பொருளாதார அறிஞர்கள் கிளாடியா கோல்டின், சிசிலியா ரௌஸ் இருவரும் 2000-ல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ என்ற ஆய்விதழில் எழுதிய கட்டுரை. அந்த 50 சதவீதம், சில முதல்கட்டச் சுற்றுகளைத் தாண்டும் வாய்ப்பைப் பற்றியது. வேலை கிடைப்பதைப் பற்றியது அல்ல. சில மதிப்பீடுகளின் பிழை வரம்பு பெரியது என்றும், ஒரு விளைவு எதிர்த்திசையில் போகிறது என்றும் கட்டுரைச் சுருக்கமே ஒப்புக்கொள்கிறது. அரையிறுதிச் சுற்றில்தான் அந்த எதிர்விளைவு. இவ்வளவும் தெரிந்து மேற்கோள் காட்டினால் எதிரணியால் வாதத்தை எளிதில் உடைக்க முடியாது. 'ஆல் வெர்ஷன்ஸ்' போனால் 1997-ல் வந்த முன்வரைவும் கிடைக்கும். ஆனால் மேற்கோளுக்கு 2000-ல் அச்சான வடிவமே சரி. 'சைட்டட் பை' உள்ளே போய், மேற்கோள் காட்டியவற்றுக்குள் மட்டும் தேடும் கட்டத்தை டிக் செய்து, விமர்சனம், மறு ஆய்வு போன்ற ஆங்கிலச் சொற்களைப் போட்டால் மறுப்புகளும் அகப்படும்.

குறைகளும் சின்னவை அல்ல. அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட பழைய கட்டுரைகளே மேலே நிற்கும். புதியவை அடியில் கிடக்கும். ஆய்வேடு, முன்வரைவு, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ் எல்லாம் ஒரே தோற்றத்தில் வரும். மேற்கோள் எண்ணிக்கை தரச்சான்று அல்ல. மறுத்து எழுதியவர்களும் அதில் அடக்கம். 'சைட்' பொத்தான் தரும் மேற்கோள் குறிப்பில் பக்க எண் விடுபடுவதும் ஆண்டு மாறுவதும் உண்டு. கட்டுரையின் முதல் பக்கத்தோடு ஒப்பிடாமல் ஒட்டாதீர்கள்.

இந்தத் தலைப்பில் அதிகம் பேசப்படும் எண்களோ இதழ்க் கட்டுரையிலிருந்து வந்தவை அல்ல. தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அனென்பெர்க் குழு 2018-ல் வெளியிட்ட அறிக்கையிலிருந்து வந்தவை. இத்தகைய அறிக்கைகளுக்கு ஸ்காலரை நம்பியிருக்காமல் அந்தக் குழுவின் தளத்துக்கே போய்விடலாம். 2012 முதல் 2017 வரை அமெரிக்க இசை இதழான பில்போர்ட் வெளியிட்ட ஆண்டிறுதி ஹிட் பட்டியல்களின் 600 பாடல்களில் கலைஞர்களில் 22.4 சதவீதமும் பாடலாசிரியர்களில் 12.3 சதவீதமும் பெண்கள். புரொட்யூசர்களில் 2 சதவீதம்தான். ஆனால் அந்தக் கடைசி எண் 300 பாடல்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டது. அதோடு, இவை எல்லாமே ஹிட் பாடல்கள். "உலகத்தில் 2 சதவீத புரொட்யூசர்கள்தான் பெண்கள்" என்று இதை வைத்து எழுதக் கூடாது. "அமெரிக்காவின் ஹிட் பாடல்களில்" என்று எழுதினால் எண் அசையாமல் நிற்கும்.

காசு கேட்கும் பக்கத்தில் முட்டிக்கொண்டால் வலப்பக்க பிடிஎஃப் இணைப்பையும், அதுவும் இல்லையென்றால் 'ஆல் வெர்ஷன்ஸ்' பட்டியலையும் பாருங்கள். பல்கலைக்கழக நூலக உறுப்பினர் என்றால் செட்டிங்ஸில் நூலகத்தின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். நூலகம் சந்தா கட்டிய கட்டுரைகளுக்குப் பக்கத்திலேயே இணைப்பு தெரியும்.

மதிப்பெண்: கட்டுரையின் தடம் பிடிக்க 5-க்கு 4.5, தரம் பிரித்துச் சொல்வதில் 5-க்கு 2.