புகைக்கா, மருந்துக்கா? கூடலூர் கடையில் கிடைக்கும் பிசின்கள்

நீலகிரி மாவட்டக் கூடலூரில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் மொட்டையாகக் ‘குங்கிலியம் கொடுங்கண்ணே’ என்றால், புகைக்கா மருந்துக்கா என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். கேட்கத்தான் வேண்டும். அங்கே டப்பாக்களில் இருப்பதெல்லாம் வேறு வேறு மரத்துப் பிசின், ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

வாசனைதான் முக்கியம் என்றால் கட்டிச் சாம்பிராணி. நல்ல சரக்கு சுமத்ராவின் ஸ்டைராக்ஸ் மரத்திலிருந்து வருவது. இதையே ஆல்கஹாலில் கரைத்தால் டிங்சர் பென்சாயின். பிளாஸ்டர் நன்றாக ஒட்டுவதற்குத் தோலில் தடவுவார்கள், வெந்நீரில் சில சொட்டு விட்டு ஆவியும் பிடிப்பார்கள். சிலருக்குத் தோல் தடித்துவிடும், அது மட்டும் கவனம். கம்ப்யூட்டர் சாம்பிராணியை நான் இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை, அதில் பெரும்பகுதி கரித்தூள்.

குந்திரிக்கம் வறண்ட காடுகளில் வளரும் போஸ்வெல்லியா செராட்டா மரத்தின் பிசின். மலை இறங்கினால் கேரளத்து தேவாலயங்களில் இந்தப் புகைதான். மூட்டுவலி மாத்திரைகளில் சேர்க்கிற போஸ்வெல்லிக் அமிலமும் இதில் இருக்கிறது, அதற்காகப் புகை போட்டால் முழங்கால் வலி போகும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

புண்ணுக்கென்றால் குங்கிலியம், அதாவது சால மரத்துப் பிசின். சித்த மருத்துவத்தில் இதை நல்லெண்ணெயில் உருக்கி, தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவிக் குங்கிலிய வெண்ணெய் செய்கிறார்கள்; தீப்புண்ணுக்கும் மூலத்துக்கும் மேலே பூசுவது. குங்கிலியப் பற்பம் என்கிற பொடி மருந்து உள்ளுக்குச் சாப்பிடுவது என்பதால் வைத்தியரைக் கேட்காமல் தொட வேண்டாம். நம் மேற்கு மலையின் வெள்ளைக் குங்கிலியம் வேறு மரம், வட்டேரியா இண்டிகா, வார்னிஷுக்குப் பேர்போனது. பிளைவுட்டுக்காக வெட்டியே அந்த மரத்தைக் குறைத்துவிட்டார்கள்.

இனி நம்ம ஊர்ச் சரக்கு, கருங்குங்கிலியம். தளிர்விடும்போது உச்சி முழுக்கச் செக்கச்செவேலென்று தூரத்திலேயே தெரியுமே, அந்த மரம். வயநாட்டுப் பக்கம் தெள்ளி என்பார்கள். காட்டுநாயக்கர், குறும்பர் பழங்குடியினர் காட்டுக்குள் போய்ச் சேகரிப்பது. வார்னிஷ் காய்ச்ச, படகில் பலகை இடுக்கு அடைக்க என்று ஒரு காலத்தில் நல்ல கிராக்கி. இப்போது பெரும்பாலும் புகைக்குத்தான் போகிறது. சாம்பிராணியின் இனிப்பு இதில் இல்லை, கொஞ்சம் காரமான காட்டு வாசனை, எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் அதிகம் வடியவேண்டும் என்று பட்டையைக் கொத்தி அடிமரத்தில் தீ மூட்டும் வழக்கம் இருக்கிறது, அதில் மரம் நலிந்து பட்டும் போகிறது. தானாக வடிந்து உறைந்ததைப் பொறுக்கி விற்பவர் தெரிந்தவராக இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் புகைக்குச் சாம்பிராணியே போதும்.

எதுவானாலும் பச்சைக்குழந்தை இருக்கும் அறையில் புகை வேண்டாம், தலை உலர்த்தத் துண்டு இருக்கிறது. அப்புறம், பொடியாக வாங்காமல் கட்டியாக வாங்குங்கள். வீட்டில் ஒரு துண்டைத் தணலில் போடும்போது டர்பன்டைன் நெடி அடித்தால் பைன் மரத்து ரோசின் கலந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம், மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.