வேக லூப்பை டிரைவே டியூன் செய்யட்டுமா, நாம் செய்வதா?

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் தொழிற்சாலை. பெரிய மர டிரம், அதைச் சுற்ற என்கோடர் (வேகம் அளக்கும் சென்சார்) மாட்டிய மோட்டார், மோட்டாரை ஓட்டும் டிரைவ். அளந்த வேகத்தைக் கேட்ட வேகத்தோடு ஒப்பிட்டு டிரைவ் திருத்திக்கொண்டே இருப்பதுதான் வேக லூப். ஆட்டோ டியூன், அதாவது லூப்பின் கெயின்களை (திருத்தத்தின் பலத்தைச் சொல்லும் எண்கள்) டிரைவே அமைத்துக்கொள்வது, முடித்திருந்தார்கள். காலி டிரம் அழகாக ஓடியது. தண்ணீரும் தோலும் ஏற்றியதும் வேகம் மெதுவாக ஏறி இறங்கி அலைந்தது, பெல்ட் தளர்ந்து தளர்ந்து இழுத்தது.

காரணம் எளிது. ஆட்டோ டியூன் அளந்தது காலி டிரம்மின் நிலைமத்தை. நிலைமம் 4 மடங்கானால், அதே கெயின்களில் லூப்பின் தணிப்பு (ஊசலை அடக்கும் திறன்) பாதியாகிவிடும். இயந்திரத்தின் சுமை அதிகம் மாறாத இடத்தில், சிஎன்சி அச்சு மாதிரி, ஆட்டோ டியூன் போதும். சில நிமிட வேலை, நான் குறை சொல்லமாட்டேன்.

1942-இல் வந்த சீக்லர்-நிக்கல்ஸ் முறையும் உண்டு. இன்டெக்ரலை (சேர்ந்துகொண்டே போகும் பிழைக்கான திருத்தம்) அணைத்து, லூப் ஒரே அளவில் ஊசலாடும்வரை பி கெயினை (அந்த நேரத்துப் பிழைக்கான திருத்தம்) ஏற்றி, அதில் 0.45 பங்கை வைப்பது. ஊசல் நேரத்தை 1.2-ஆல் வகுத்தால் இன்டெக்ரல் நேரம். கணக்கு சுத்தமாக இருக்கும். ஆனால் கியர் பற்கள் முன்னும் பின்னும் மோதும்படி டிரம்மை ஆட்ட எனக்கு மனசு வராது. கிடைக்கும் ட்யூனிங்கும் துள்ளலாகத்தான் இருக்கும்.

அதனால் டிரம்முக்குக் கையால் செய்வதே என் தேர்வு. வேக லூப்புக்கு உள்ளே இருக்கும், மோட்டாரின் மின்னோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் கரன்ட் லூப்பை டிரைவிடமே விட்டுவிடலாம், மோட்டாரின் ரெசிஸ்டன்ஸை அதுவே சரியாக அளந்துகொள்ளும். அப்புறம் பழைய கெயின்களை எழுதி வைத்து, டார்க் லிமிட்டை (முறுக்குவிசையின் உச்சவரம்பு) குறைத்து, எமர்ஜென்சி ஸ்டாப் பக்கத்தில் ஒருவரை நிறுத்துங்கள்.

முதலில் காலி டிரம், இன்டெக்ரல் பூஜ்யம். வேகத்தை 10 சதவீதத்திலிருந்து 15-க்கு ஒரு ஸ்டெப். ஒவ்வொரு முறையும் பி கெயினை ஒன்றரை மடங்கு ஏற்றுங்கள். ஒரு கட்டத்தில் மோட்டார் பாடியில் கை வைத்தால் வண்டு ரீங்காரம் போல அதிரும். அந்த மதிப்பில் பாதியில் நிறுத்துங்கள். காலியாக இருக்கும்போதுதான் இந்த அதிர்வு சீக்கிரம் வரும், அதனால் பி-க்கு எல்லை இங்கே.

சரக்கு ஏற்றியபின் இன்டெக்ரல். அலைச்சல் சீக்கிரம் வருவது இங்கேதான். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஓவர்ஷூட் (வேகம் இலக்கைத் தாண்டிப் போவது) 10 சதவீதத்தைத் தொட்டதும் ஒரு படி இறங்குங்கள்.

அந்த டிரம்மில் பி ஏறியது, இன்டெக்ரல் நன்றாக இறங்கியது. ஒரு மணி நேரம் பிடித்தது. அன்று மாலை நிறைசுமையில் பெல்ட் ஒரே சீராக ஓடியது.