மாற்றுக்காணியா, சொந்த வளவா?

2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்குத் தப்பி ஓடிய, இலங்கையின் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர்ச் சனம், கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் பல வருடம் கிடந்தது. ஊர் முதலில் சனம் நுழையமுடியாத உயர் பாதுகாப்பு வலயமானது. அப்புறம் 818 ஏக்கர் தொழில் வலயத்துக்கு, 237 ஏக்கர் கடற்படைக்கு. சனத்துக்கு மிஞ்சியது இரண்டு வழி: வேறு இடத்தில் அரசு தரும் மாற்றுக்காணியை எடுப்பது, அல்லது சொந்த வளவுக்காகக் காத்திருப்பது.

மாற்றுக்காணியை எடுத்தால் உடனே ஒரு கூரை. சும்மா சொல்லக்கூடாது, தகரக் கொட்டிலில் சித்திரை வெயிலைத் தாங்கியவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் கடலும் வயலும் கைவிட்டுப் போகும். கையெழுத்து வைத்தபிறகு பழைய காணியைக் கேட்க முடியுமா என்ற பயமும் இருந்தது.

காத்திருந்தால்? நிவாரணம் குறையக் குறையக் கூலி வேலை, கடன். என் பெரியம்மா காணி உறுதிப் பத்திரத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். கொட்டில் ஒழுகினால் முதலில் அந்தப் பானையைத்தான் நகர்த்துவார், அப்புறம்தான் பாயை.

2015இல் தொழில் வலய அறிவித்தல் ரத்தானது. கடற்படை பிடித்திருந்த காணி 2016இல் திரும்பக் கிடைத்தது. பெரியம்மா போய்ப் பார்த்தபோது வீடு இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. எல்லைப் பூவரசை வைத்துத்தான் வளவை அடையாளம் பிடித்தார்.

காசுக் கணக்குப் போட்டால் மாற்றுக்காணிதான் லாபம். ஆனாலும் நான் பெரியம்மா பக்கம். எல்லாரும் கையெழுத்து வைத்திருந்தால் ஊரைத் திருப்பிக் கேட்க யார் இருந்திருப்பார்கள்? அதற்காகக் கையெழுத்து வைத்த சித்தப்பாவைக் குறை சொல்லமாட்டேன். அவர் கொட்டிலில் அப்போது மூன்று சின்னப் பிள்ளைகள்.