ஹப் ரப்பர் கழற்ற டார்ச்சா, போல்ட்டா?

பைக்கில் கியர் மாற்றும்போது பின்சக்கரத்தில் ‘டக்’கென்று ஒரு வெட்டு. செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டைப் பிடித்து அசைத்தால் ஆடுகிறது. அதற்கும் ஹப்புக்கும் (சக்கரத்தின் நடுப்பகுதி) இடையே அதிர்வைத் தாங்குகிற கப்ளிங் ரப்பர், அதாவது ஹப் ரப்பர், போய்விட்டது என்று அர்த்தம். நடுவில் இரும்புக் குழல் வைத்த உருண்டை ரப்பர் என்றால், குளச்சல், முட்டம் பக்கத்து வண்டிகளில் லேசில் வராது. உப்புக்காற்றில் ஹப்பின் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து இறுக்கிப் பிடித்திருக்கும்.

கேஸ் டார்ச் காட்டினால் சீக்கிரம் கருகிக் கழன்றுவிடும்தான். ஆனால் புகை மூச்சை அடைக்கும், பேரிங் கிரீஸ் உருகி ஓடும், சூடு மிஞ்சினால் ஹப்பே வலுவிழக்கும்.

என் ஓட்டு ஆங்கர் போல்ட்டுக்கு. சுவரில் போடுகிற அதே போல்ட்தான். குழலுக்குள் விட்டு முறுக்கினால் விரிந்து கவ்வும். பிறகு ரப்பரைவிட அகலமான குழாய்த்துண்டை ஹப்பின் மேல் நிறுத்தி, கனமான வாஷர் வைத்து நட்டைத் திருகினால் ரப்பர் மெல்ல மேலேறும். முந்தின ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைக்கணும். நாலு ரப்பரையும் எடுக்க ஒரு மத்தியானம் போகும்; போகட்டும். போல்ட் வழுக்கினால், ரப்பரில் சுற்றிலும் துளை போட்டுத் தளர்த்திக்கொள்ளலாம். துளைக்கிற பிட் ஹப்பில் படக்கூடாது.

புதுசை ஏற்றச் சோப்புத் தண்ணீர் போதும். எஞ்சின் ஆயில் தடவினால் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும்.